கருவும் நம் கடமையும்

(நமது பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்பக் கருத்தரங்கில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



கருவைப் பற்றிய ஆராய்ச்சி என்பது இன்று எனக்குத் தரப்பட்டுள்ள தலைப்பு. டாக்டர்களும் கல்லூரிப் பேராசிரியர்களும் பேச வேண்டிய பொருளாயிற்றே, சாமியாருக்கு இதில் என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை ஜி.எஸ்.டி. சாலையில் ஒருமுறை போய் வாருங்கள். புடவைக்கும் நகைக்கும் வைக்கிற பெரிய பலகைகளுக்கு நடுவே கருத்தரிப்பு மையங்களின் பலகைகளும் நிற்கின்றன. சிரிக்கிற குழந்தையின் படம். அதன் கீழே தவணை வசதி. நம் பங்கைச் சேர்ந்த குடும்பங்களும் அந்தப் படிகளில் ஏறி இறங்குகின்றன. விஞ்ஞானம் நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டபோது, ஞாயிறு பிரசங்கத்தில் மட்டும் அதைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது நியாயமாகாது.

கரு என்றால் என்ன?

கரு என்ற சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. முட்டைக்குள் இருப்பதும் கரு. கதைக்கு உயிராக நிற்பதும் கரு. வானநூலார்கூட இச்சொல்லைக் கையாளுகிறார்கள். ஏறக்குறைய 460 கோடி ஆண்டுகளுக்கு முன் இளஞ்சூரியனைச் சுற்றித் தூசியும் வாயுவும் தட்டுப்போலச் சுழன்றன. தூசி கல்லாகி, கல் குன்றாகி, சந்திரனளவும் செவ்வாயளவும் பருத்த உருண்டைகள் தோன்றின. அவற்றைக் கோள்கருக்கள் என்கிறார்கள். அவை ஒன்றோடொன்று மோதி, ஒன்றையொன்று விழுங்கி, நம் பூமி போன்ற கோள்கள் உண்டாயின. செவ்வாய், பாதியிலே வளர்ச்சி நின்றுபோன ஒரு கோள்கருவாக இருக்கலாம் என்பது விஞ்ஞானிகள் பலரின் கருத்து.

கோள்கருவுக்கும் தாயின் வயிற்றிலுள்ள கருவுக்கும் பெயர் ஒன்றானாலும் வேறுபாடு மலையளவு. கோள்கரு வெளியிலிருந்து வந்து ஒட்டுவதால் பெருக்கிறது. எது வந்து மோதுகிறதோ அதற்கேற்ப அதன் கதி மாறும். மனிதக் கருவோ உள்ளிருந்து விரிகிறது. உணவும் இடமும் மட்டுமே தாயிடமிருந்து வருகின்றன. இன்னது ஆக வேண்டும் என்ற ஒழுங்கு முதல் அணுவிலேயே அடங்கியிருக்கிறது.

அந்த முதல் அணு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். ஒன்றரை நாளுக்குள் இரண்டாகப் பிரிகிறது. மூன்றாம் நாளில் ஏறத்தாழ எட்டு அணுக்கள். ஐந்தாம் நாளில் உள்ளே நீர் கோத்த சிறு பந்து. ஆறு, ஏழு நாளில் கருப்பையின் சுவரில் ஒட்டத் தொடங்குகிறது. பதினைந்தாம் நாளையொட்டி உடலின் தலை எது, வால் எது என்று காட்டும் முதற்கோடு தோன்றுகிறது. இருபத்திரண்டாம் நாள் வாக்கில் இருதயம் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. பல தாய்மார்களுக்குத் தாங்கள் கர்ப்பமாயிருப்பது உறுதியாகத் தெரியவருமுன்பே இவ்வளவும் நடந்து முடிகின்றன.

நம் முன்னோருக்கு நுண்ணோக்கி இல்லை. ஆனாலும் கருவின் மாண்பை உணர்ந்திருந்தார்கள். மாணிக்கவாசகர் தமது போற்றித் திருவகவலில் கரு மாதம் மாதமாகக் கடந்துவரும் இடர்களை வரிசைப்படுத்துகிறார். நம் திருச்சபையோ மார்ச் 25இல் மங்கள வார்த்தைத் திருநாளையும், சரியாக ஒன்பது மாதம் கழித்து டிசம்பர் 25இல் கிறிஸ்து பிறப்பையும் கொண்டாடுகிறது. நம் ஆண்டவரின் மனித வாழ்வை மாட்டுத்தொழுவத்திலிருந்து எண்ணாமல், கன்னிமரியின் உதரத்தில் உருவான நாளிலிருந்தே எண்ணுகிறோம்.

கல்கத்தாவில் ஒரு டாக்டர்

நிற்க. இந்த ஆராய்ச்சி நம் நாட்டில் எப்படித் தொடங்கியது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

1978 ஜூலை 25ஆம் நாள் இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் லூயிஸ் பிரவுன் என்ற பெண் குழந்தை பிறந்தாள். உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை. திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் மனித உயிரைப் பற்றிய தம் சுற்றுமடலை எழுதிய நாளிலிருந்து கணக்கிட்டால், அன்றோடு சரியாகப் பத்து ஆண்டு. எழுபது நாள் கழித்து, அக்டோபர் 3ஆம் நாள், கல்கத்தாவில் துர்கா என்ற பெயரால் அறியப்பட்ட குழந்தை பிறந்தாள். இதற்குக் காரணமாயிருந்தவர் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய். சுனித் முகர்ஜி, சரோஜ் காந்தி பட்டாச்சார்யா ஆகிய இருவரும் அவருக்குத் துணைநின்றார்கள்.

அவரை நாடு எப்படி நடத்தியது? மேற்கு வங்க அரசு ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. அந்தக் குழுவில் இத்துறையில் நேரடி அனுபவமுள்ளவர் எவருமில்லை. அவர் சொன்னதை நம்ப முடியாது என்று குழு தள்ளிவிட்டது. தம் ஆராய்ச்சியை எடுத்துரைக்க ஜப்பானுக்குச் செல்ல அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1981இல் கண் மருத்துவ நிலையம் ஒன்றுக்கு மாற்றினார்கள். அதே ஆண்டு ஜூன் 19ஆம் நாள் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

1986 ஆகஸ்டு 6ஆம் நாள் பம்பாய் கே.ஈ.எம். மருத்துவமனையில் ஹர்ஷா என்ற குழந்தை பிறந்தபோது, இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை அவளே என்று நாடு கொண்டாடியது. அந்தப் பெருமைக்குரியவர்கள் டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும் விஞ்ஞானி டி.சி. ஆனந்தகுமாரும். 1997இல் மறைந்த கல்கத்தா டாக்டரின் குறிப்பேடுகள் ஆனந்தகுமாரின் கைக்கு வந்தன. படித்துப் பார்த்தார். முதலிடம் எனக்குரியதல்ல, அவருக்குரியது என்று எழுதி வெளியிட்டார். தமக்குக் கிடைத்த புகழைத் தாமே எடுத்து உரியவருக்குக் கொடுத்தவர் அவர். உண்மையை மதிக்கும் விஞ்ஞானத்தைக் கண்டு விசுவாசி அஞ்ச வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையை 1990இல் நமது சென்னையிலே டாக்டர் கமலா செல்வராஜ் பிறப்பித்தார். அன்றிலிருந்து இது நம் ஊர்ச் செய்தியாகிவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். லூயிஸ் பிரவுன் பிறந்தபோது தாயிடமிருந்து எடுத்தது ஒரே முட்டை. உண்டாக்கியது ஒரே கரு. அதையே தாயின் வயிற்றில் வைத்தார்கள். மிச்சம் என்று ஒன்றுமில்லை. கல்கத்தா டாக்டரோ ஹார்மோன் ஊசி போட்டுப் பல முட்டைகளைப் பெற்றார். கருவை 53 நாள் உறையவைத்து, பிறகு தாயிடம் சேர்த்தார். இந்த இரண்டு முறைகளும் இன்று உலகெங்கும் அன்றாட வழக்கமாகிவிட்டன. பல கருக்களை உண்டாக்கலாம், மிஞ்சியதை உறையவைக்கலாம் என்று ஆனபோதுதான், மிஞ்சிய கரு யாருடையது, அதை என்ன செய்வது என்ற கேள்வி பிறந்தது.

திருச்சபை சொல்வது

திருச்சபை விஞ்ஞானத்துக்கு எதிரி என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. புனித தாமஸ் அக்குவினாஸ் அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, ஆண் கருவுக்கு நாற்பதாம் நாளும் பெண் கருவுக்கு அதற்கும் பிந்தியும் ஆன்மா வருகிறது என்று எண்ணினார். அன்றைய இயற்கை நூல் அவ்வளவே அறிந்திருந்தது. 1827இல் பேயர் என்ற அறிஞர் பாலூட்டியின் முட்டையை நுண்ணோக்கியில் கண்டார். 1876இல் ஹெர்ட்விக் என்பவர் கடல் முள்ளெலியின் முட்டையில் ஆண் பெண் அணுக்கருக்கள் ஒன்றாவதைக் கண்டார். 1869இலேயே திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் கருக்கலைப்புக்கான திருச்சபைத் தண்டனையில் முற்பகுதிக் கரு, பிற்பகுதிக் கரு என்ற பாகுபாட்டை நீக்கிவிட்டார்.

நான் குருமடத்தில் ஒழுக்க இறையியல் படித்த காலத்தில், 1987இல் உரோமையிலிருந்து வெளிவந்த 'தோனும் வீத்தே' என்ற ஏடு புதிது. உயிர் என்னும் கொடை என்பது அதன் பொருள். ஆன்மா எந்தக் கணத்தில் வருகிறது என்ற தத்துவக் கேள்விக்கு அந்த ஏடு முடிவான விடை கூற முற்படவில்லை. ஆனால் கருவான முதற்கணத்திலிருந்தே அதை ஆளாக மதித்து நடத்த வேண்டும் என்று தெளிவாகக் கூறுகிறது. வேட்டைக்காரன் ஒருவன் புதர் அசைவதைக் காண்கிறான். உள்ளே மானா, மனிதனா என்று தெரியவில்லை. தெரியாததால் சுடலாம் என்பானா, சுடக்கூடாது என்பானா? ஐயம் உள்ள இடத்தில் கை தாழ வேண்டும்.

சோதனைக்குழாய் முறையையே திருச்சபை ஏற்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. குழந்தை தம்பதியரின் அன்புறவின் கனியாக வரவேண்டும். ஆய்வுக்கூடத்தில் தரம் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பொருளாகிவிடக்கூடாது. இது கடினமான போதனை. குழந்தைக்காக ஏங்கும் தம்பதியருக்கு இதைச் சொல்கிறபோது என் குரல் தானாகவே தாழ்ந்துவிடும். ஆனால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லூயிஸ் பிரவுன் பிறந்தபோது வெனிஸ் நகரின் கர்தினாலாயிருந்தவர் லூச்சியானி. சில வாரங்களில் முதலாம் அருள் சின்னப்பர் என்ற திருத்தந்தையானவர். அந்த முறை சரியென்று அவர் சொல்லவில்லை. ஆயினும் குழந்தைக்கு மனமார வாழ்த்துக் கூறினார்; பெற்றோரைக் கண்டனம் செய்யும் உரிமை தமக்கில்லை என்றார். முறையைப் பற்றிய தீர்ப்பு வேறு, பிறந்த பிள்ளையின் மாண்பு வேறு. இதை நாம் ஒருபோதும் குழப்பிக்கொள்ளலாகாது.

பதினான்கு நாளும் பத்து ஆண்டும்

ஆய்வுக்கூடத்தில் கருவை எத்தனை நாள் வளர்க்கலாம்? 1984இல் இங்கிலாந்தில் வார்னாக் அம்மையார் தலைமையிலான குழு பதினான்கு நாள் என்று எல்லை வகுத்தது. முதற்கோடு தோன்றுவதும், ஒரு கரு இரட்டையாகப் பிரியும் வாய்ப்பு முடிவதும் அந்த நாட்களில் என்பது காரணம். இந்தியாவிலும் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் அதே எல்லையை ஏற்றுள்ளன. முன்பெல்லாம் அவ்வளவு நாள் வளர்க்கவே யாராலும் முடியாது. ஆகவே எல்லையை யாரும் நெருங்கவில்லை. 2016இல் விஞ்ஞானிகள் பதின்மூன்று நாள் வரை வளர்த்துவிட்டார்கள். 2021இல், குருத்தணு ஆய்வாளர்களின் அனைத்துலகச் சங்கம் அந்தத் திட்டவட்டமான தடையைத் தளர்த்தியது. எட்ட முடியாதவரை இருந்த வேலி, எட்டியவுடன் நகர்கிறது. 2018இல் சீன விஞ்ஞானி ஒருவர் கருவிலேயே மரபணுவைத் திருத்தி இரட்டைக் குழந்தைகளைப் பிறக்கச் செய்ததாக அறிவித்தார், உலகமே திடுக்கிட்டது, அடுத்த ஆண்டு அவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது.

நமது நாட்டில் 2021இல் கருத்தரிப்பு உதவித் தொழில்நுட்பச் சட்டம் நிறைவேறியது. அதற்கு முன் இத்துறைக்குத் தனிச் சட்டமே இல்லை. மையங்கள் பதிவு செய்ய வேண்டும், கருவை விற்கக்கூடாது, ஆராய்ச்சிக்கென்று வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது, ஆணா பெண்ணா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கக்கூடாது. இவையெல்லாம் நல்லவையே. ஆனால் அதே சட்டத்தில், உறையவைத்த கருவை அதிக அளவாகப் பத்து ஆண்டு வைத்திருக்கலாம், அதன்பின் அழியவிட வேண்டும் அல்லது தம்பதியரின் சம்மதத்தோடு ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம் என்றும் உள்ளது.

இது தாளில் எழுதிய வரியாக மட்டும் நின்றுவிடுவதில்லை. வீட்டுச் சந்திப்புக்குப் போன இடத்தில் ஒரு தம்பதியர் கேட்டார்கள்: "சாமி, எங்களுக்கு ஆண்டவர் இரண்டு பிள்ளைகளைக் கொடுத்துவிட்டார். இன்னும் மூன்று கரு ஆஸ்பத்திரியில் உறைந்திருக்கிறதாம். வருடா வருடம் பணம் கட்டச் சொல்லிச் செய்தி வருகிறது. கட்டாமல் விட்டால் என்ன ஆகும்?" அந்த அம்மாள் அழவில்லை. ஆனால் மூன்று என்ற எண்ணைச் சொல்லும்போது பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்த பக்கம் பார்த்தார்.

மைனஸ் 196 டிகிரிக் குளிரில், திரவ நைட்ரஜனில், வளராமலும் சாகாமலும் அந்தக் கருக்கள் இருக்கின்றன. இங்கிலாந்தில் அன்று இருந்த ஐந்தாண்டு எல்லை முடிந்தபோது, 1996 ஆகஸ்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கருக்கள் ஒரே சமயத்தில் அழிக்கப்பட்டன. அதே ஆண்டு மே மாதம் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், இப்படிக் கருக்களை உண்டாக்கிக் குவிப்பதை நிறுத்துங்கள் என்று விஞ்ஞானிகளின் மனச்சான்றை நோக்கி வேண்டினார். 2008இல் உரோமை வெளியிட்ட ஏடு இந்தச் சிக்கலை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, அநீதியாக உண்டாக்கப்பட்ட இந்நிலைக்கு நீதியான தீர்வு இல்லை என்ற முடிவுக்கு வந்தது. ஆகவே அந்தத் தம்பதியருக்கு நானும் எளிய விடை சொல்லவில்லை. ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதிக்க வேண்டாம் என்றேன். மற்றதை அவசரப்படாமல் சேர்ந்து செபித்து யோசிப்போம் என்றேன். பின்னால் விடையில்லாத கேள்வி இது. ஆதலால் முன்னாலேயே கேட்க வேண்டிய கேள்வி.

கருவை அழிக்காத ஆராய்ச்சி

கருவைத் தொடாவிட்டால் மருத்துவம் முன்னேறாதா? 2006இல் ஜப்பானின் யமனாக்கா எலியின் தோலணுவைக் கொண்டு, கருவின் அணுவைப்போல எதுவாகவும் ஆகக்கூடிய குருத்தணுவைச் செய்து காட்டினார். அடுத்த ஆண்டு மனிதத் தோலணுவிலும் அதைச் செய்தார். 2012இல் நோபல் பரிசு பெற்றார். நம் அருகிலுள்ள வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைப் பாருங்கள். 1986 முதல் அங்கே எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடக்கிறது. இரத்தம் உறையாத ஹீமோபிலியா நோயாளிகள் ஐவருக்கு, அவர்களுடைய சொந்த இரத்தக் குருத்தணுவையே திருத்திச் செலுத்திய சிகிச்சையின் முடிவை 2024இல் வெளியிட்டார்கள். அதற்காக ஒரு கருவும் அழியவில்லை. திருச்சபை இப்படிப்பட்ட ஆராய்ச்சியைக் கைதட்டி வரவேற்கிறது.

ஏழையின் உடல்

கருவுக்கு விலை வைத்தால் அதைச் சுமக்கும் பெண்ணுக்கும் விலை வந்துவிடும். 2022 ஜூனில் ஈரோட்டில் வெளிப்பட்ட செய்தியை மறந்திருக்கமாட்டீர்கள். பதினாறு வயதுச் சிறுமி. வயதைக் கூட்டிக் காட்டும் போலி ஆதார் அட்டை. பெற்ற தாயே உடந்தையாக, பலமுறை அவளுடைய கருமுட்டைகளை எடுத்து விற்றிருந்தார்கள். சட்டப்படி முட்டை கொடுப்பவளுக்கு 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே முறைதான் கொடுக்கலாம். ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக்கூடாது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. சட்டம் ஏட்டிலிருந்தது, சிறுமி சந்தையிலிருந்தாள். தவணை வசதிப் பலகையைப் பார்க்கிறபோது அந்தச் சிறுமியையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, காரணத்தைக் கண்டுபிடியுங்கள். குழந்தையில்லை என்றால் மனைவியை மட்டும் டாக்டரிடம் அனுப்புவது நம்மவர் வழக்கம். குறை ஆண் பக்கமும் இருக்கலாம். இருவரும் சேர்ந்து போங்கள். நம் தாம்பரத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது 1928இல் தொடங்கிய காசநோய் சானடோரியம். அந்தக் காசநோய் நுரையீரலை மட்டும் தாக்குவதில்லை. பெண்ணின் கருக்குழாயையும் ஓசையின்றி அடைத்துவிடும். நம் நாட்டில் பிள்ளைப்பேறின்மைக்கு அது முக்கியமான காரணங்களில் ஒன்று. காலத்தோடு கண்டுகொண்டால் மருந்து உண்டு. இத்தகைய சிகிச்சைகளுக்குத் திருச்சபை ஒருநாளும் தடை சொன்னதில்லை.

இரண்டாவது, எந்தத் தாளிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இந்த மையம் சட்டப்படி பதிவு பெற்றதா? எத்தனை முட்டைகளைக் கருவாக்குவீர்கள்? எத்தனை கருவைத் தாயிடம் வைப்பீர்கள்? மிஞ்சியதை என்ன செய்வீர்கள்? சம்மதப் படிவத்தில் ஆராய்ச்சி என்ற சொல் எங்கே இருக்கிறது? தமிழில் விளக்கச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை. போவதற்கு முன் என்னிடமும் வாருங்கள். நான் கதவைச் சாத்தமாட்டேன்.

மூன்றாவது, தத்தெடுப்பதைத் தாழ்வாக எண்ணாதீர்கள். முன்பு கிறிஸ்தவர்களுக்கு 1890ஆம் ஆண்டுச் சட்டப்படி காப்பாளர் உரிமை மட்டுமே கிடைத்தது. பிள்ளை சட்டத்தின் கண்ணில் பிள்ளையாகவில்லை. இன்று 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி எந்த மதத்தவரும் முறையாகத் தத்தெடுக்கலாம். அந்தப் பிள்ளை முழு உரிமையுள்ள பிள்ளை. புனித சூசையப்பரைத் திருக்குடும்பத்தின் தலைவராகப் போற்றுகிற நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா?

நான்காவது, நாவைக் காத்துக்கொள்ளுங்கள். கலியாணமாகி ஆறு மாதம் ஆகுமுன் "விசேஷம் ஏதும் இல்லையா?" என்று கோவில் வாசலிலேயே கேட்கிறோம். வளைகாப்புக்கு அழைக்கும்போது பிள்ளையில்லாதவளை ஒதுக்குகிறோம். அன்னாள் ஆலயத்தில் அழுதபோது குடித்திருக்கிறாள் என்று நினைத்த குருவைப்போல நாமும் தவறாகத் தீர்ப்பிடுகிறோம். பல தம்பதியரை அந்தப் படிகளில் ஏற்றுவது ஆசை மட்டுமல்ல, நாம் தரும் அவமானமும்தான். மருத்துவ முறையால் பிறந்த பிள்ளை நம் திருமுழுக்குத் தொட்டிக்கு வரும்போது, "இது எப்படிப் பிறந்தது தெரியுமா?" என்று யாரும் காதில் ஓதவேண்டாம். அந்தப் பிள்ளையும் ஆண்டவரின் சாயலே.

அன்பு மக்களே! இந்தப் பொன்விழாவில் நம் கோபுரத்துக்கு வண்ணம் பூசினோம். புது மணி வாங்கினோம். பிள்ளையில்லாத குடும்பம் நம் நடுவே தலைநிமிர்ந்து உட்காரும் நாள் வருமானால், அதுவே விழாவின் பெரும்பேறு. வருகிற மங்கள வார்த்தைத் திருநாளன்று மாலைத் திருப்பலியைப் பிள்ளைப்பேறுக்காகக் காத்திருக்கும் தம்பதியருக்காகவும், கருவில் இழந்த பிள்ளைகளுக்காகவும், உறைந்திருக்கும் கருக்களுக்காகவும் ஒப்புக்கொடுப்பேன். பெயர் சொல்ல வேண்டியதில்லை. வந்து உட்கார்ந்தால் போதும்.

இறைவன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.